வோட்டு ஊரிலயோ கொழும்பிலயோ? போடிங்ல இருக்கிற எங்கட பிள்ளையளுக்காக

போன ஞாயிறு மொட்டைமாடியில உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிக்கேக்க மேல்வீட்டு போடிங்ல, அதாவது வாடகை அறையில, இருக்கிற மட்டக்களப்புப் பிள்ளை வந்து கேட்டா, "அக்கா, என்ட பேர ஊர்ல இருந்து எடுத்துப்போட்டு இங்க போடவா, இல்லாட்டி அங்கயே கிடக்கட்டா?" எண்டு. உடன பதில் சொல்ல வரேல்ல எனக்கு. இந்தக் கேள்விக்கு ஆளாளுக்கு வேற வேற பதில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளை எண்டு எங்கட ஆக்கள் எவ்வளவு பேர் ஊரை விட்டுப்போட்டு வந்து இருக்கினம், அதில கனபேருக்கு தன்ர வோட்டு எங்க கிடக்கெண்டே தெரியாது, தேர்தல் கிட்ட வரேக்கதான் தேடுறது, அந்த நேரம் தேடி ஒண்டும் செய்யேலாது. அதால ஆறுதலா இருந்து ஒருக்கா எழுதுவம் எண்டு நினைச்சன். எந்தக் கட்சிக்குப் போடுறது எண்டு கதைக்க வரேல்ல, அது அவரவர் மனசு. எங்க பதியிறது, எப்பிடிப் போடுறது, அது மட்டும்தான்.

முதல்ல விளங்கிக்கொள்ள வேண்டியது, ஒராளுக்கு வாக்காளர் இடாப்பில, அதாவது வாக்காளர் பட்டியலில, ஒரு இடத்திலதான் பேர் இருக்கலாம். ஊரிலயும் கிடக்கட்டும் இஞ்சயும் ஒண்டு போட்டு வைப்பம் எண்டு செய்யேலாது, அது சட்டப்படி பிழை. ஆள் எங்க வசிக்கிறார் எண்டதை பெப்ரவரி 1ஆம் திகதியை வைச்சுத்தான் பாக்கினம். முந்தி ஜூன் 1 ஆக இருந்தது, 2021ல சட்டத்த திருத்தேக்க மாத்தினவை. அதே திருத்தத்திலதான் 18 வயசு முடியிற பிள்ளையள் அடுத்த வருச இடாப்பு வரும்வரைக்கும் காத்திருக்காம இடையில துணை இடாப்பில சேரவும் வழி வந்தது. ஏஎல் எழுதிப்போட்டு இருக்கிற தம்பி தங்கச்சிமார் வீட்டில இருந்தா இதை அவையிட்ட கட்டாயம் சொல்லுங்கோ, கனபேர் இன்னும் பழைய கணக்கிலதான் இருக்கினம்.

பதியிறது கிராம சேவகர் மூலம், பிசி படிவம் எண்டு சொல்லுறது, தேர்தல்கள் ஆணைக்குழுவின்ர இணையத்தளத்திலயும் செய்யலாம். ஊரில விதானையார் எண்டு கூப்பிடுற ஆள்தான் இஞ்ச ஜீஎஸ். ஊரில விதானையாருக்கு எங்கட கொப்பாட்டன் வரைக்கும் தெரியும். கொழும்பில ஒரு ஜீஎஸ்சுக்குக் கீழ எத்தினை பிளாட், எத்தினை அனெக்ஸ், எத்தினை போடிங்! நாங்களா போய் நிண்டு சொன்னாத்தான் நாங்கள் இருக்கிறதே அவருக்குத் தெரியும், படிவம் வீடு தேடி வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது.

எனக்கு நடந்ததைச் சொல்லுறன். வேலைக்கெண்டு 2016ல கொழும்புக்கு வந்தனான், பேர் வடமராட்சியில வீட்டு விலாசத்திலதான் இருந்தது. ஒவ்வொரு வருசமும் அம்மா படிவத்தில என்ர பேரையும் எழுதிக் குடுத்துவிடுவா. 2018ல அம்மா சுகமில்லாம தம்பி வீட்டுக்குப் போயிட்டா, வீடு பூட்டு, படிவம் நிரப்ப ஆளில்லை. நான் இஞ்ச இருந்த அனெக்ஸ் வீட்டுக்காரர் தன்ர குடும்பத்தின்ர பேரை மட்டும் எழுதிக் குடுத்திட்டார், என்னட்டக் கேக்கவும் இல்லை, எனக்கும் கேக்க வேணும் எண்டு தோன்றேல்ல. 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல். எல்லாருக்கும் வாக்காளர் அட்டை வந்தது, எனக்கு வரேல்ல, அம்மாவுக்கு போன் பண்ணினா அங்கயும் இல்லை. அண்டைக்கு ரூம் மேட் பிள்ளையள் ரெண்டு பேரும் விரலில மையோட வந்து சோறு சமைச்சு எனக்கும் போட்டுத் தந்ததுகள், என்ர கையைப் பாக்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. 30 வயசு, படிச்சு வேலை செய்யிறன், வரி கட்டுறன், இந்த நாட்டில ஒரு இடாப்பிலயும் என்ர பேர் இல்லை. ரெண்டு இடத்துக்கும் நடுவில விழுந்து போனன். நான் இப்ப ஒவ்வொருத்தரையும் பிடிச்சுப் பிடிச்சுக் கேக்கிறது அதாலதான்.

சரி, இனி எது நல்லம் எண்டு பாப்பம்.

பேரை ஊரிலயே வைச்சுக்கொண்டு தேர்தலுக்குத் தேர்தல் போய்ப் போடுறது, எங்கட ஆக்களில பெரும்பாலும் செய்யிறது இதுதான், மனசுக்கும் இதுதான் பிடிக்கும். இதுக்குப் பின்னால வெறும் ஊர்ப்பாசம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கு. பாராளுமன்றத்தில 225 பேர், அதில 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களில இருந்து வாறவை, மிச்சம் 29 தேசியப் பட்டியல். அந்த 196ல ஒரு மாகாணத்துக்கு 4 எண்டு 36 போக, மற்ற 160 ஆசனத்தையும் எந்த மாவட்டத்தில எத்தினை வாக்காளர் பதிஞ்சிருக்கினம் எண்டு பாத்துத்தான் பிரிக்கிறது. சனத்தொகையைப் பாத்து இல்லை, பதிவைப் பாத்து. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், கிளிநொச்சியும் சேர்த்துத்தான், 2010ல 9 பேரை அனுப்பினது, 2015லயும் 2020லயும் 7, 2024ல 6. சண்டை, இடப்பெயர்வு, வெளிநாடு எண்டு சனம் குறைஞ்சதுதான் காரணம், ஆனா ஒவ்வொரு பேரும் இடாப்பில இருந்து விழ விழ அந்த 160ல எங்கட பங்கும் சுருங்குது. அதால ஊர்ப் பதிவை வைச்சிருக்கிற ஒராள் வோட்டுப் போட முதலே ஊருக்கு ஒரு வேலை செய்யிறார் எண்டு நான் நம்புறன்.

மாகாண சபைத் தேர்தல் வந்தாலும் இதே கணக்குத்தான். வடக்கில கடைசியா நடந்தது 2013ல, பிறகு நடக்கவே இல்லை. அது நடக்கிற அண்டைக்கு வட மாகாண சபைக்குப் போடுறதோ மேல் மாகாண சபைக்குப் போடுறதோ எண்டதை இப்ப உங்கட பேர் இருக்கிற இடம்தான் தீர்மானிக்கும்.

ஆனா போக வேணும். பேரை வைச்சுக்கொண்டு போகாம விடுறதில ஊருக்கு ஒரு வோட்டும் விழாது. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், ஒரு சனிக்கிழமை. அந்த நேரம் மாகோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில பாதை வேலை நடந்ததால யாழ்ப்பாணத்துக்கு ரெயின் இல்லை, ஒக்டோபர் கடைசியிலதான் திரும்ப ஓடத் தொடங்கினது. அப்ப எல்லாரும் பஸ்தான். வெள்ளிக்கிழமை இரவு காலி வீதியில பஸ் ஏற நிண்ட சனம் இண்டைக்கும் கண்ணுக்க நிக்குது, பை, பிள்ளை, தண்ணிப் போத்தல், சிலபேர் சீட் இல்லாம நடுவழியில ஸ்டூல் போட்டு இருந்தவை, எனக்கு முன்னால ஒரு வயசுபோன ஐயா, மடியில அடையாள அட்டையை ஷொப்பிங் பேக்கில சுத்தி வைச்சுக்கொண்டு விடியும்வரை கையை எடுக்கேல்ல. விடிய இறங்கி, குளிச்சு, பள்ளிக்கூடத்தில வரிசையில நிண்டு போட்டன். சனி இரவே திரும்ப வெளிக்கிடுவம் எண்டு இருந்தா இரவு 10 மணிக்கு ஊரடங்கு, விடிய 6 மணிக்கு எடுப்பினம் எண்டு பாத்தா ஞாயிறு மத்தியானம் வரைக்கும் நீட்டிப்போட்டினம், அந்த ஞாயிறு பின்னேரம் ஏறி திங்கள் விடிய வந்து இறங்கி அப்பிடியே வேலைக்குப் போனன். ஒரு வோட்டுக்கு மூண்டு நாள். நவம்பர் 14 பொதுத் தேர்தல் வியாழன், அடுத்த நாள் போயா லீவு, அதோட சனி ஞாயிறு, அதால கொஞ்சம் சுகம், ஆனா ரெண்டு கிழமைக்கு முதல்தான் தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தனாங்கள், திரும்பவும் ரிக்கெட் காசு. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் செவ்வாய்க்கிழமை, நடுக்கிழமை, எங்கட லேனில இருந்து ஊருக்குப் போன ஆக்களை விரல்விட்டு எண்ணலாம். எட்டு மாசத்துக்குள்ள மூண்டு தேர்தல், மூண்டுக்கும் போய் வாறதெண்டா சம்பளக்காரருக்கு லேசில்லை.

லீவு விசயத்தில எங்கட பிள்ளையள் சும்மா பயந்து பயந்து இருக்குதுகள். தனியார் கம்பனியில வேலை செய்யிறவைக்கு வோட்டுப் போட லீவு குடுக்க வேணும், சம்பளம் வெட்டேலாது, சொந்த லீவிலயும் கழிக்கேலாது, குறைஞ்சது 4 மணித்தியாலம் எண்டு சட்டத்தில இருக்கு. தூரத்தைப் பாத்து எவ்வளவு குடுக்க வேணும் எண்டும் தேர்தல்கள் ஆணைக்குழு சொல்லியிருக்கு: 40 கிலோமீட்டருக்குள்ள எண்டா அரை நாள், 40 தொடக்கம் 100 வரை ஒரு நாள், 100 தொடக்கம் 150 வரை ஒண்டரை நாள், அதுக்கு மேல ரெண்டு நாள். யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், மட்டக்களப்பு 300க்கு மேல, ரெண்டுக்கும் ரெண்டு நாள். எழுத்தில கேளுங்கோ, வாயால கேட்டா மனேஜர் "பாப்பம்" எண்டுவார், அதோட முடிஞ்சுது. நான் ரெண்டு வரியில ஈமெயில் போட்டன், எங்கட ஒபிஸ்ல முதல்ல முகம் சுளிச்சாலும் தந்தவை, அதைப் பாத்து மற்ற நாலு பேரும் கேட்டு எடுத்தவை.

இனி கொழும்புக்கு மாத்துறது. இதைச் சொன்னா சில பெரியாக்களுக்குக் கோவம் வரும், "ஊரை விட்டுக்குடுக்கிறியோ" எண்டு. அப்பிடி இல்லை. நாங்கள் குப்பை போடுறது எங்க, மழைக்கு லேன் முழுக்க வெள்ளம் நிக்கேக்க ஆரிட்டக் கேக்கிறது, தெரு லைட் எரியாட்டி ஆர் பொறுப்பு? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை எண்டா கொழும்பு மாநகர சபை, 117 உறுப்பினர். பாலம் தாண்டி தெஹிவளைக்குப் போனா அது வேற மாநகர சபை. உள்ளூராட்சித் தேர்தலில பெரும்பாலும் வட்டாரத்துக்கு ஒராள் எண்டு நிக்கினம், ஒரு புள்ளடிதான் போடுறது, சில வட்டாரங்களில கொஞ்ச வோட்டு வித்தியாசத்திலயே முடிவு மாறும். எங்கட லேனில பத்து வருசமா இருக்கிற இருபது குடும்பமும் இஞ்ச பதியாட்டி, வட்டாரத்துக்கு நிக்கிற ஆளுக்கு நாங்கள் கணக்கிலயே இல்லை, அவர் ஏன் எங்கட வாசலுக்கு வரப்போறார்?

அதைவிடப் பெரிய விசயம் பள்ளிக்கூடம். பிள்ளை இருக்கிறவை, இனிப் பெறப்போறவை கவனமா வாசியுங்கோ. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில தரம் 1க்கு, கிட்ட இருக்கிற பிள்ளை எண்ட பிரிவில விண்ணப்பிக்கேக்க, பெற்றாரின்ர பேர் அந்த விலாசத்தில கடைசி 5 வருசம் வாக்காளர் இடாப்பில இருக்கோ எண்டு பாத்துத்தான் புள்ளி போடினம். பிள்ளைக்கு நாலு வயசாகேக்க ஓடித் திரிஞ்சு பிரயோசனம் இல்லை, போன வருசத்தை ஒருத்தராலயும் திரும்பக் கொண்டுவரேலாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு சோடி, ரெண்டு பேரும் ஊரில பேரை வைச்சிருந்ததுகள், பிள்ளைக்கு இஞ்ச பள்ளிக்கூடம் எடுக்கேக்க அந்த 5 வருசப் புள்ளி முழுக்கப் போச்சுது, பிறகு தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வான் பிடிச்சு அனுப்புதுகள். அவை ஊரில வோட்டும் போடேல்ல, ஒருக்கா கூடப் போகேல்ல, அதுதான் எனக்குச் சரியான கவலை.

இஞ்ச பதியிறதில கஷ்டம் ரெண்டு. முதலாவது வீட்டுக்காரர். வாடகைக்கு இருக்கிறவையின்ர பேரைப் போட்டா நாளைக்கு வீட்டுக்கு உரிமை கேப்பினம் எண்டு பயப்பிடுகினம். இடாப்பில பேர் இருக்கிறது வீட்டுக்கு உறுதி இல்லை, அந்த விலாசத்தில இருக்கிறார் எண்டது மட்டும்தான், அந்த வீட்டில இருக்கிற தகுதியான எல்லாற்ற பேரையும் போட வேண்டியது படிவம் நிரப்புறவரின்ர கடமை. இதைச் சண்டை பிடிக்காம, ஒரு தேத்தண்ணி நேரத்தில பக்கத்தில இருந்து சொல்லுங்கோ. நான் இப்ப இருக்கிற வீட்டுக்கார அன்ரி முதல்ல மாட்டன் எண்டவா, நான் ஜீஎஸ்ஸையே கூட்டிக்கொண்டு வந்து அவவுக்கு முன்னால சொல்ல வைச்சன், பிறகு தானே பேனை எடுத்து எழுதினவா. அப்பிடியும் வீட்டுக்காரர் மாட்டன் எண்டா விட்டுடாதேங்கோ, நேரா ஜீஎஸ்ஸிட்டப் போங்கோ, இடாப்பைத் திருத்திறதுக்கு முதல் ஜீஎஸ் ஒபிஸ்லயும் பிரதேச செயலகத்திலயும் பாக்க வைப்பினம், அப்ப விட்டுப்போன பேருக்குக் கோரிக்கை போடலாம்.

ரெண்டாவது பயம். இது வயசு போனவையோட கதைக்கேக்கதான் வரும். கொழும்பில தமிழாக்கள் பேர் பதியிறதெண்டா பொலிஸ் பதிவுதான் நினைப்பு வரும். சண்டைக் காலத்தில எத்தினைதரம் பொலிஸ் ஸ்டேசனில போய் போட்டோவோட பதிஞ்சம், இரவில வந்து அந்தத் துண்டைக் கேப்பினம். 2007 ஜூன் 7 விடியப்புறம் லொட்ஜுகளில இருந்த தமிழ்ச் சனத்தை, 370க்கு மேல ஆக்களை, பஸ்ஸில ஏத்தி வவுனியாப் பக்கம் அனுப்பினதும், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிப்பாட்டினதும் எங்கட வீடுகளில இண்டைக்கும் கதைக்கிற கதை. அதில அடிபட்ட ஒராள் "எங்கயும் பேர் குடுக்காத பிள்ளை" எண்டு சொன்னா நான் அவையைக் குறை சொல்லமாட்டன். ஆனா பொலிஸ் பதிவு எங்களைக் கண்காணிக்கிறதுக்கு எடுத்தது, வாக்காளர் இடாப்பு நாங்கள் இந்த நகரத்தில இருக்கிறம் எண்டு நாங்கள் எழுதிவைக்கிறது. ரெண்டும் ஒண்டில்லை. எங்களை இஞ்ச இருந்து ஏத்தி அனுப்பினவை எண்ட ஒரே காரணத்துக்காகவே இஞ்ச பேர் இருக்க வேணும் எண்டு நினைக்கிற ஆள் நான்.

ஜனாதிபதித் தேர்தலுக்கு இந்த ஊர் கொழும்புப் பிரச்சினை ஒண்டும் இல்லை. முழு நாடும் ஒரே தொகுதி, பருத்தித்துறையில போட்டாலும் பாமன்கடையில போட்டாலும் ஒரே பாரம்தான்.

தபால் வோட்டு. இதிலதான் கனபேர் குழம்பி நிக்கினம். லண்டனில இருக்கிற மாமா வீட்டில இருந்தே போட்டு கவரில வைச்சு தபால் பெட்டிக்குள்ள போடுறார், எங்களுக்கு ஏன் ஏலாது எண்டு கேக்கிறவை இருக்கினம். அங்க தபால் வோட்டு வேணும் எண்டு கேக்கிற வாக்காளர் ஆருக்கும் குடுக்கினம், காரணம் சொல்லத் தேவையில்லை. அங்க சட்டப்படி வசிக்கிற இலங்கைப் பிரசைகளும் கொமன்வெல்த் நாட்டவர் எண்டபடியா அந்த நாட்டுத் தேர்தலில பதிஞ்சு போடலாம், அங்க இருக்கிற எங்கட சொந்தங்கள் கனபேருக்கு இது தெரியாது, தெரிஞ்சா சொல்லிவிடுங்கோ. இஞ்சத்த முறை வேற. அரசாங்க உத்தியோகத்தர், பொலிஸ், படை, ரெயில்வே, சீரீபி எண்ட அரச பஸ் சேவை, தபால், தேர்தல் கடமைக்குப் போறவை, இப்பிடி கடமை காரணமா தன்ர வாக்குச் சாவடிக்குப் போகேலாத ஆக்களுக்குத்தான் தபால் மூல வாக்களிப்பு. 2024 ஜனாதிபதித் தேர்தலில 7 இலட்சத்துக்கு மேல ஆக்கள் இதுக்குத் தகுதி பெற்றவை. தனியார் கம்பனி, கடை, கார்மென்ட்ஸ், இவைக்கு இல்லை. வெளிநாட்டில இருக்கிற இலங்கையருக்கும் அந்தத் தேர்தலில வழி இருக்கேல்ல. இது மாற வேணும் எண்டது என்ர ஆசை, மாறும்வரைக்கும் இல்லாத ஒண்டை நம்பிக்கொண்டு இருக்கேலாது.

ஆனா தகுதி இருக்கிறவைக்கு இதைவிட நல்ல வழி ஒண்டும் இல்லை. எங்கட லேனில ஒரு வவுனியா ரீச்சர், கொழும்பில அரசாங்கப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா. அவவின்ர பேர் வன்னி மாவட்டத்திலதான் கிடக்கு, தாய் தகப்பன் அங்க. அவ ஒரு பஸ்ஸும் ஏறாம, ஒரு நாள் லீவும் எடுக்காம, கொழும்பில இருந்தே வன்னிக்கு வோட்டுப் போடுறா. தேர்தல் அறிவிச்ச உடன விண்ணப்பம் கூப்பிடுவினம், அதில தேர்தல் மாவட்டம், தொகுதி, வாக்கெடுப்புப் பிரிவு, வீட்டு இலக்கம், தொடர் இலக்கம் எல்லாம் இடாப்பில இருக்கிற மாதிரியே எழுத வேணும், ஒரு இலக்கம் பிழைச்சாலும் தள்ளுப்பட்டுப் போகும். ஞாபகத்தில எழுதாதேங்கோ, இடாப்பைப் பாத்து எழுதுங்கோ. கொஞ்ச நாள்தான் தருவினம், அதுக்குள்ள அதிபரோ தலைமை அதிகாரியோ கையெழுத்து வைச்சு அனுப்ப வேணும்.

பிறகு வேலை செய்யிற இடத்துக்கே வோட்டுச் சீட்டு வரும், குறிச்ச நாளில அத்தாட்சி உத்தியோகத்தருக்கு முன்னால அடையாளத்தை உறுதிப்படுத்தி, ஆரும் பாக்காம அடையாளமிட்டு, கவருக்குள்ள வைச்சு ஒட்டிக் குடுக்கிறது. 2024 செப்டெம்பரில 4, 5, 6 ஆம் திகதிகள், அதுகளைத் தவறவிட்டவைக்கு 11, 12. ரீச்சருக்கு ஒரு பயம் இருந்தது, அதிபருக்குத் தெரிஞ்சிடுமோ ஆருக்குப் போட்டதெண்டு. அவருக்கு உங்கட சீட்டைப் பாக்க உரிமையில்லை, எண்ணேக்கயும் கவரில இருந்து எடுத்து மற்றச் சீட்டுகளோட கலந்துதான் எண்ணுவினம். போட்ட சீட்டைப் போட்டோ எடுத்து பேஸ்புக்கில போடாதேங்கோ, அது குற்றம். தபால் வோட்டு கிடைச்சால் தேர்தல் அண்டைக்கு வாக்குச் சாவடியில போடவும் ஏலாது, அதால தபால் நாளைத் தவறவிட்டா எல்லாம் போச்சு.

புறக்கோட்டையில துணிக்கடையில நிக்கிற ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒராள் இருக்கிறார், எங்கட வீட்டுக்கு சீத்தைத் துணி கொண்டுவாற பிள்ளை. இந்த மூண்டில எதுவும் அவருக்கு லேசில்லை. கடை மேல்மாடியில படுக்கை, அந்த விலாசத்தில முதலாளி பேர் போட விடமாட்டார், தபால் வோட்டு இல்லை, ஊருக்குப் போக ஒண்டரை நாள் லீவு சட்டப்படி இருக்கு, முதலாளி அரை நாள் தருவார். "விடுங்க அக்கா, ஒரு ஓட்டுல என்ன வந்துறப் போகுது" எண்டார் ஒருநாள். நான் விடேல்ல. 1931ல இந்த நாட்டில எல்லாருக்கும் வோட்டு வந்தது, 1948, 1949 சட்டங்களோட தோட்டத்துச் சனத்தின்ர பிரசாவுரிமையும் வோட்டும் ஒண்டா பறிபோச்சுது, 1964 ஒப்பந்தத்தில ஆக்களைத் தலையெண்ணி இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்டது, கடைசி மிச்சம் பேருக்கு 2003 சட்டத்தோடதான் பிரசாவுரிமை கிடைச்சது. அந்தத் தம்பியின்ர அம்மாயி பேரப்பிள்ளையள் கண்டாப் பிறகுதான் முதல்தரம் வோட்டுப் போட்டவாவாம், அண்டைக்குப் புதுச்சீலை கட்டிக்கொண்டு போனவாவாம், அதை அவரே எனக்குச் சொன்னவர், சொல்லிப்போட்டு கொஞ்ச நேரம் பேசாம நிண்டார். அவருக்கு என்ர யோசனை ஊரிலயே வைச்சிருக்கிறது. 2018ல சட்டத்தைத் திருத்தினாப் பிறகுதான் பிரதேச சபையள் தோட்டங்களுக்குள்ளயும் வேலை செய்ய வழி வந்தது, இப்பத்தான் அங்கத்த சபை வோட்டுக்கு ஒரு பெறுமதி. முதலாளியிட்டக் குடுக்க லீவுக் கடிதம் நானே எழுதித் தாறன் எண்டனான்.

எங்கட பக்கத்திலயும் ஒரு கணக்கு இருக்கு. 2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில யாழ்ப்பாண மாவட்டத்தில வோட்டுப் போட்டவை நூற்றுக்கு ஒண்டு சொச்சம்தான். முழு நாட்டிலயும் வெண்டவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் 1 இலட்சத்து 80 ஆயிரம் வோட்டு. அந்தக் காலத்தில சனம் ஏன் போகேல்ல எண்டது வேற கதை, பயமும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. இப்ப எங்களை ஒருத்தரும் மறிக்கேல்ல. இப்ப மறிக்கிறது நிரப்பாத ஒரு படிவம்.

அப்ப என்ர முடிவு என்னண்டா, கலியாணம் கட்டி, பிள்ளை குட்டியோட இஞ்ச இருக்கிறவை, ஊருக்குத் திரும்பிற எண்ணம் இல்லாதவை, கொழும்புக்கு மாத்துங்கோ, இந்தப் பெப்ரவரியை விடாதேங்கோ. தனியா போடிங்ல இருக்கிற பிள்ளையள், தாய் தகப்பன் ஊரில, ரெண்டு மூண்டு வருசத்தில மாறிப் போயிடுவம் எண்டு இருக்கிறவை ஊரில வைச்சிருங்கோ, ஆனா ஊரில படிவம் நிரப்புறது ஆர் எண்டு ஒவ்வொரு வருசமும் போன் பண்ணிக் கேளுங்கோ, என்னைப்போல விழுந்து போகாம. அரசாங்க வேலையெண்டா இடம் பிரச்சினையே இல்லை, எங்க இருந்தாலும் தபாலில போடலாம், பேர் எங்க இருக்க வேணும் எண்டு மனசு சொல்லுதோ அங்க இருக்கட்டும். நான் மாத்திப்போட்டன். 2024 நவம்பர் தேர்தலுக்கும் போய்ப் போட்டுவந்து, அம்மா காலமானாப் பிறகு, 2025ல வெள்ளவத்தைக்குப் பேரைக் கொண்டுவந்தன். படிவத்தில முந்தின பதிவு எங்க எண்டு கேட்டிருந்த இடத்தில வீட்டு விலாசத்தை எழுதேக்க கை கொஞ்சம் நிண்டதுதான்.

மட்டக்களப்புப் பிள்ளையிட்ட நான் திருப்பிக் கேட்டது, "கடைசி மூண்டு தேர்தலுக்கும் போனனீரோ?" எண்டு. ரெண்டுக்குப் போனவா, மே மாசத்துக்கு மட்டும் போகேல்ல. அம்மா அங்க தனிய. இன்னும் ரெண்டு வருசத்தில ஊர்ப்பக்கம் வேலை தேடுற யோசினை. "அப்ப அங்கயே இருக்கட்டும், ஆனா இருக்கோ எண்டு இப்பவே பாப்பம்" எண்டு போனில ஆணைக்குழுவின்ர தளத்தைத் திறந்து அடையாள அட்டை நம்பரை அடிச்சம். ஈர உடுப்பு கொடியில அப்பிடியே கிடக்க ரெண்டு பேரும் ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு நிண்டம், கொஞ்சம் சுத்திப்போட்டு பேர் வந்தது, தாயின்ர பேருக்குக் கீழ. பிள்ளை வீட்டு இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் ஒரு துண்டில எழுதி அடையாள அட்டையோட சேத்து வைச்சுக்கொண்டு, உடன அம்மாவுக்கு போன் எடுத்தா.